பூட்டிய வீட்டில் ஓடிய மீட்டர்

மூக்கனைப் பற்றி எங்கள் தெருவில் இப்போது ஆளுக்கொரு பேச்சு. காசு வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தான் என்கிறார்கள். அவன் வாங்கியது ஒரு டீ. அதையும் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். ஓடி வந்தது என் வீட்டுக்குத்தான் என்பதால் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

நான் ராஜலக்ஷ்மி. மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்தோரு வருஷம் ஃபைல் தள்ளி, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவள். டெல்லி கரோல் பாக்கில் என் மாமனார் வாடகைக்குப் பிடித்த இரண்டாம் மாடியில் இன்னும் இருக்கிறேன். மூக்கனின் மனைவி பொன்னி என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இருவருக்கும் பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். மூக்கனின் அப்பா மேம்பாலம் கட்ட மண் சுமக்க வந்தவர். பாலம் முடிந்தது, குடிசை மட்டும் நிலைத்தது. அந்தக் குடிசையில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, இருபத்தைந்து வயதில் மின்சாரக் கம்பெனியின் ஒப்பந்தக்காரரிடம் மீட்டர் ரீடராகச் சேர்ந்தான். இப்போது நாற்பத்தேழு ஆகிறது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வட்டாரத்து மாடிப்படிகளில் ஏறி இறங்கி முழங்கால் போய்விட்டது. நாய் கடித்த தழும்பு மட்டும் மூன்று.

ஆனால் அவனுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. மீட்டர் எண்ணைப் பார்த்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்வான். "மாமி, மூணாவது மாடி சர்தார் வூட்டுல பொண்ணுக்குப் பிரசவமாயிடுச்சி" என்பான். எப்படியடா தெரியும் என்றால், மத்தியானத்தில் கீசர் ஓடுகிறதாம், கைக்குழந்தை இல்லாத வீட்டில் மத்தியானம் யார் வெந்நீர் வைப்பார்கள் என்பான். எதிர்வீட்டு மாமா தனியாகச் சமைக்கிறார், மாமி கோபித்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று முதலில் சொன்னவன் அவன்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த தடவை வரும்போது நானே "இன்னிக்கு என்ன சேதி?" என்று கேட்டு வாங்கினேன். அவனுடைய அந்தப் பெருமைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறோம் என்று எங்கள் இருவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு அவன் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒரு தரம் மீட்டரே கணக்கை அனுப்பிவிடுகிறது. பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். மூக்கனை வைத்துக்கொண்டது சந்தேக வீடுகளைப் போய்ப் பார்த்துவர. அவன் கையில் ஒரு ஹேண்ட்செட் கொடுத்தார்கள். எந்த வீட்டைத் தொட்டாலும் அன்றைய மின்செலவு திரையில் ஒரு கோடாக வரும். ஆள் புழங்கினால் கோடு ஏறி இறங்கும், ஆள் இல்லாவிட்டால் தரையோடு கிடக்கும். வெளியே பூட்டு தொங்கியும் கோடு ஏறி இறங்கினால் அந்த வீடு தனிப் பட்டியலில் வரும். திருட்டு இணைப்பாக இருக்குமோ என்று கம்பெனிக்குச் சந்தேகம்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மூக்கன் பொன்னியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஒருவன், "அண்ணே, தமிழா?" என்றான். டெல்லியில் இந்த ஒரு கேள்விக்கு எங்கள் ஆட்கள் உருகிப்போவார்கள். நானும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போது யாராவது தமிழில் பேசினால் வீட்டு விலாசம்வரை சொல்லிவிட்டுத்தான் வருவேன். அவன் பெயர் ஐயப்பன். வாடகைக்கு வீடு தேடுகிறேன், பூட்டிக் கிடக்கிற வீடு ஏதாவது தெரியுமா என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தான். மூக்கன் ஹேண்ட்செட்டை எடுத்தான்.

"இது ரெண்டும் காலி தம்பி. இத்த விட்டுடு. பூட்டுதான் தொங்குது, உள்ள ஆள் இருக்கு."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

அங்கேதான் அவன் பெருமை அவனைக் கெடுத்தது. கோட்டைக் காட்டினான். காலையில் கொஞ்ச நேரம் இண்டக்‌ஷன் அடுப்பு, பகல் முழுக்க ஃபேன், ராத்திரி விளக்கே இல்லை. ஒரே ஆள். வெளிச்சம் தெரியக்கூடாது என்று இருக்கிற ஆள். "இருபது நாளா இப்பிடித்தான். என்னக் கேட்டா பொம்பள."

ஐயப்பன் தெருப் பெயரைக் கேட்டான். மூக்கன் சொன்னான். மாடியைக் கேட்டான். அதையும் சொன்னான். ஐயப்பன் அந்த இடத்திலேயே போனை எடுத்து யாரிடமோ, "கெடச்சிட்டா. ஆளுங்களக் கூட்டிட்டு வண்டியக் கொண்டா. போன தடவ கையோட விட்டேன், இந்தத் தடவ நடக்கவே விடமாட்டேன்" என்றான். பிறகு மூக்கனின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அவள் பெயர் மானசா. அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஐயப்பனின் மனைவி. அவன் அவள் கையை முறித்த பிறகு மாவுக்கட்டோடு ஓடிவந்தவள். கூட வேலை பார்த்த அகல்யா, தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல், ஒரு மொட்டைமாடி அறையில் அவளை வைத்து வெளியே பூட்டிவிட்டு, தினமும் சாயங்காலம் வந்து திறந்து சாப்பாடு கொடுத்தாள். போன் கிடையாது, விளக்கு கிடையாது, ஜன்னல் திறப்பது கிடையாது. எல்லாவற்றையும் யோசித்தவர்களுக்கு மீட்டரை யோசிக்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

மூக்கன் முதலில் அந்த வீட்டுக்குத்தான் ஓடினான். நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. அங்கிருந்து மூன்று தெரு ஓடி என் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு நாற்பது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்.

"உள்ள ஃபேன் சத்தம் கேட்டுச்சி மாமி. பயப்படாத தாயி, நானும் தமிழ்க்காரன்தான்னு சொன்னன். டக்குனு ஃபேனும் நின்னுபோச்சி."

அவள் யாருக்குப் பயந்து ஒளிந்திருந்தாளோ அவனுடைய மொழியில், ஒரு ஆண் குரல், கதவுக்கு வெளியே. அவள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"நீங்க வாங்க மாமி. பொம்பளக் குரல் கேட்டா பதில் சொல்லும். பூட்ட நான் ஒடச்சிடறன். ஜல்தி மாமி, அவன் வண்டி எடுத்தாரப் போயிருக்கான்."

இங்கே நான் எழுந்து செருப்பை மாட்டியிருக்க வேண்டும். பத்து நிமிஷ நடை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "இரு, உக்காரு, முதல்ல தண்ணி குடி" என்றேன். அவன் வேர்த்துக் கொட்டுகிறானே என்று ஏ.சி.யைப் போட்டேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

"என்ன மாமி பண்றீங்க?"

"கம்ப்ளெயிண்ட் எழுதறேன். அடுத்தவா வீட்டுப் பூட்டை ஒடச்சா நாளைக்கு நம்ம தலைலதான் விடியும். போன்ல சொன்னா வாய்ப்பேச்சோட போயிடும். எழுத்துல குடுத்து, ரெண்டாவது காப்பில ஸ்டாம்ப் வாங்கிண்டாதான் எதுக்கும் மதிப்பு."

முப்பத்தோரு வருஷம் எனக்குச் சோறு போட்ட புத்தி அது. எழுதாதது நடக்காதது. எங்கள் ஆபீசில் கூரை ஒழுகினால்கூட முதலில் நோட் போட்டுவிட்டுத்தான் வாளியை வைப்போம். இதைச் சொல்லி நானே எத்தனை முறை சிரித்திருக்கிறேன்.

எழுத ஆரம்பித்தால் இன்னொரு சிக்கல். அந்த ஆளுக்கு விலாசம் எப்படித் தெரிந்தது? மூக்கன் கம்பெனியின் ஹேண்ட்செட்டைக் காட்டினான் என்று எழுதினால் அவன் வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம். பொன்னியின் முகம் ஞாபகம் வந்தது. அதனால் அவன் பெயர் வராமல் மாற்றி எழுதினேன். "தகவல் கிடைத்ததாகத் தெரிகிறது" என்று போட்டேன். பிடிக்கவில்லை. "எப்படியோ அறிய நேர்ந்ததாக" என்று மாற்றினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். மூக்கன் என் பின்னால் நின்று, "போதும் மாமி, என் பேரையே போடுங்க மாமி, என்ன வேணா பண்ணட்டும், வாங்க மாமி" என்று கெஞ்சினான். கடைசியில் அழுதான். "நடுவுல பேசாதே, வார்த்தை விட்டுப்போறது" என்று அதட்டினேன். சத்தியமாக அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பிரிண்டர் முதல் தடவை காகிதத்தைக் கடித்துக்கொண்டது. இரண்டு காப்பி எடுத்து, கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து நாங்கள் படியிறங்கியபோது மணி நாலு ஐந்து.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அந்தத் தெரு வந்தது. மூக்கன் என்னைக் கேட்கவேயில்லை, உள்ளே ஓடிவிட்டான். நான் மூச்சுவாங்க நாலு மாடி ஏறிப் போனபோது அறை திறந்து கிடந்தது. பூட்டு நாதாங்கியோடு பெயர்ந்து தரையில் கிடந்தது. உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பாய், ஒரு பக்கெட், இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் மூடி வைத்த ரவைக் கஞ்சி. படிக்கட்டில் ஒரே ஒரு செருப்பு. கீழ்வீட்டு அம்மாள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "உஸ்கா ஆத்மி லே கயா. தஸ் மினட் ஹுவா" என்றாள். புருஷன்தானே கூட்டிப்போனான், பத்து நிமிஷம் ஆகிறது என்று அவள் சொன்ன தொனியில் எந்தக் குறையும் இல்லை.

அகல்யா ஐந்தரைக்குச் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். மூக்கன் அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. ஃபேனை அணைத்துவிட்டு, பையோடு அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுதிய புகார் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளப்பட்டது. இரண்டாவது காப்பியில் ஸ்டாம்பும் கிடைத்தது. என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒன்றரை மாதம் கழித்து பதில் வந்தது. மானசா தன் சுயவிருப்பத்தின் பேரில் கணவருடன் ஊரில் வசிப்பதாகவும், யார் மீதும் தனக்குப் புகார் இல்லை எனவும் அவளே கையெழுத்திட்ட கடிதம். மொழி அப்பழுக்கில்லாமல் இருந்தது. நாலு தடவை அழித்து எழுதிய கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியது அவள் இல்லை. அகல்யா அந்த ஊருக்கே போய்ப் பார்த்தாள், வீட்டு வாசலைத் தாண்டி விடவில்லை. இன்றுவரை மானசாவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

மூக்கன் தானாகவே கம்பெனிக்குப் போய் நடந்ததைச் சொன்னான். வேண்டாம் என்று நானும் பொன்னியும் தலைப்பாடாக அடித்துக்கொண்டோம். வேலை போயிற்று. அதற்கு அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவன் சாப்பிடுவதில்லை என்று பொன்னி சொல்கிறாள். வீட்டில் ஃபேன் போட்டால் எழுந்துபோய் அணைக்கிறானாம்.

ஹேண்ட்செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிற அன்று காலை என் வீட்டுக்கு வந்தான். மெலிந்து போயிருந்தான். நான்தான் கேட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னும் அதில் இருக்கிறதா, காட்டு என்றேன். தயங்கினான். பிறகு காட்டினான்.

மானசாவின் கோடு இரண்டரை மணிக்குத் தரையில் விழுந்துகிடந்தது. மூக்கன் கதவைத் தட்டிய நேரம். டெல்லி மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் சாத்திய அறையில் ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு சின்ன மேடு.

"இங்கதான் திரும்பவும் ஃபேன போட்டிருக்கு" என்றான் மூக்கன். "வந்தவன் போயிட்டான், இனிமே பயமில்லன்னு நெனச்சிருக்கும். அந்தச் சத்தத்த வச்சித்தான் அவனுங்க..." முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என் வீட்டைக் காட்டு" என்றேன்.

"வேணாம் மாமி."

"காட்டுடா."

திரையைத் தள்ளினான். என் வீட்டுக் கோடு இரண்டரை தாண்டியதும் விர்ரென்று ஏறியிருந்தது. ஏ.சி., கம்ப்யூட்டர், பிரிண்டர். நாலு மணிவரை இறங்கவே இல்லை. அவள் ஃபேன்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் அது உச்சியிலேயே நின்றது.

"இது யாருக்கும் தெரியாது மாமி. நான் சொல்ல மாட்டன்" என்றான் மூக்கன். ஹேண்ட்செட்டை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கிப் போனான்.