ஒரு சாலையைத் தாண்ட

எலெக்ட்ரானிக் சிட்டியில் பேருந்திலிருந்து இறங்கி நிற்கிறேன். நான் போக வேண்டிய அலுவலகம் சாலைக்கு நேர் எதிரே தெரிகிறது. நடுவில் கார்களும் கம்பெனி கேப்களும் இடைவிடாமல் பாய்கின்றன. சிக்னல் இல்லை, நடைமேம்பாலமும் இல்லை. புகையில் தொண்டை எரிகிறது.

துப்புரவுப் பணியாளர் சீருடையில் ஒரு பெண், சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் நிற்கிறாள். சுற்றிலும் கேட்கும் கன்னடத்துக்கு நடுவே நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு நெருங்கி வருகிறாள்.

"அக்கா, தாண்டப் போறீங்களா? நானும் கூட வரேன். போன வாரம் எங்கூட வேலை செய்யற பொண்ண இங்கதான் கார் இடிச்சிருச்சு. அதுலேர்ந்து எனக்குக் கால் நகர மாட்டேங்குது."

"வீடு எங்கம்மா?"

"சிட்டிக்குள்ள, நீலசந்திரா. அங்க கடை, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் நடந்தே போயிடுவோம்கா. இங்க ஒரு ரோட்டத் தாண்டறதுக்குள்ள உசுரு போவுது."

ஒரு பேருந்து வேகத்தைக் குறைக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்குகிறேன். பாதிச் சாலையில், பேருந்தின் மறைவிலிருந்து ஒரு கார் ஹாரனை அலறவிட்டபடி வருகிறது. அவள் அப்படியே நின்றுவிடுகிறாள். இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். கார் கடந்த காற்று முதுகில் அறைகிறது.

எதிர்ப்பக்கம் வந்த பிறகும் அவள் என் கையை விடவில்லை.

"சாயங்காலம் எப்பக்கா திரும்புவீங்க?"

"எனக்கு மத்தியானமே ஊருக்கு ரயில்மா."

மெல்ல என் கையை விடுகிறாள்.

"சரிக்கா. வேற யாராச்சும் வராங்களான்னு பாக்கறேன்."