கொழுந்து லொறி வராத காலை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் புடவைக்கடை, கத்தாரில் கட்டட வேலை, மாலைதீவில் ஹோட்டல் சமையலறை என்று போய்ப் போய்த் திரும்பி, நுவரெலியாவில் ஒருவருடைய வாடகை வானை ஓட்டிக்கொண்டிருந்தேன். கத்தாரில் என் அறையில் இருந்தவர்கள் எல்லாம் ஆபிரிக்கர்கள். அவர்களோடு பேசி வந்த இங்கிலீஷ்தான் என்னிடம் இருப்பது. ஊரின் பெரிய ஹோட்டல்காரர்கள் வெளிநாட்டு விருந்தாளிகளை ஏற்றி இறக்கும் ஹயருக்கு என்னைக் கூப்பிட்டதும் அதனால்தான்.

ஆபிரிக்காவில் தேயிலை விளையும் சில நாடுகளின் அதிகாரிகள் அந்த ஹோட்டலில் வந்து தங்கியிருந்தார்கள். பணம் கொடுக்கப்போகும் வங்கியின் ஆட்களும் கூட இருந்தார்கள். அந்த நாடுகளுக்கு நடுவே சரக்கு நிற்காமல் போகவேண்டும் என்பது திட்டம். எந்த எல்லையை முதலில் சரிசெய்வது, எதற்கு இப்போது பணம், எதற்கு அப்புறம் என்று தினமும் பேசினார்கள். அதை ஏன் இவ்வளவு தூரம் வந்து பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவர்களில் ஒரு அம்மா முன் சீட்டில்தான் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் நம் மலை ரோட்டு வளைவுகளில் அவருக்கு வாந்தி வரும். கடலே இல்லாத ஒரு சின்ன நாட்டின் அதிகாரி. அவர் ஊரில் தோட்டங்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் தொழிற்சாலை அந்தப் பக்கமும் இருந்தன. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி எல்லையில் நிற்கும். ஒரு அதிகாரி நிறுப்பார், இன்னொரு அதிகாரி மறுபடி நிறுப்பார், மூன்றாவது ஆள் சாப்பிடப் போயிருப்பார். அதற்குள் கொழுந்து சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். அந்த எல்லையைத் திட்டத்தின் முதல் கட்டத்தில் சேர்க்கவேண்டும். அவர் வந்தது அதற்கு மட்டும்தான். வங்கிக்காரர்களுக்கு அது மிகச் சின்ன எல்லையாகத் தெரிந்தது.

நான் வழியில் சொன்னதைக் கேட்டு, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போகலாம் என்று மற்றவர்களைச் சம்மதிக்க வைத்ததும் அந்த அம்மாதான். என் பெரியம்மா மகள், அக்கா, அங்கே கொழுந்தெடுக்கிறாள். அந்தத் தோட்டத்தின் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு கொழுந்து பக்கத்துக் கம்பெனியின் தொழிற்சாலைக்குப் போகிறது. ஆரம்பத்தில் அங்கேயும் இரண்டு தோட்டத்து எல்லையில் சண்டைதான். ஈரம் என்பார்கள், முற்றல் என்பார்கள், திரும்ப நிறுப்பார்கள். பிறகு இரண்டு கம்பெனியும் பேசி, மலையில் ஒரு தடவை நிறுத்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். இப்போது லொறி வந்தால் காவல்காரர் வழியை மறிக்கும் கம்பைத் தூக்குவார், அவ்வளவுதான். வங்கிக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தால் போதும், தன் எல்லைக்கும் இதுபோல் ஒன்று கேட்கலாம் என்று அந்த அம்மா நினைத்தார்.

காலைக் கொழுந்து போகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் தோரணம் கட்டியிருந்தது. மேளம் அடித்தார்கள். பெண்கள் திருவிழாச் சீலை உடுத்தி, சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மலையில் ஒருவரும் இல்லை.

நான் வானை ஓரம் கட்டிவிட்டு அக்காவிடம் போனேன்.

“பெரிய தொரைமாரு வர்றாங்கன்னு சொன்னாங்க. பாத்தா நம்ம சித்தப்பா மாதிரியில்ல இருக்காரு அந்த மொட்டத்தல” என்றாள்.

“கொழுந்து எடுக்கலியாக்கா?”

“இன்னிக்கு யாருடா எடுக்கிறா? காலையில வேல பிரிக்கிற பெரட்டுலயே கண்டாக்கு ஐயா சொல்லிட்டாரு. பாதிப் பேரு மாலைக்கு, பாதிப் பேரு கோலாட்டத்துக்கு. மத்தியானத்துக்கு மேலதான் மலைக்குப் போறோம்.”

“லொறி?”

“அதக் கொண்டுபோயி எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால மறைச்சி வச்சிருக்காங்க. அசிங்கமா இருக்காம்.”

“அவுங்க அந்த லொறியப் பாக்கத்தான் வந்திருக்காங்கக்கா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “லொறியில என்னாடா இருக்கு பாக்கிறதுக்கு? ஒனக்கு அரபிக்காரன் தண்ணி இன்னும் எறங்கல.”

மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கிடமும் போய்ச் சொன்னேன். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். “விருந்தாளி வர்ற நேரத்துல சாக்கும் லொறியுமா நின்னா நல்லாவா இருக்கும், தம்பி? நம்ம மரியாதைன்னு ஒன்னு இருக்கில்ல?” என்றார். அவர் சொன்னதில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. தோட்டத்துக்கு யார் வந்தாலும் அப்படித்தான். வேலையை நிறுத்துவதுதான் மரியாதை.

வங்கிக்காரர்களுக்கு வரவேற்பு பிடித்திருந்தது. இரண்டு பேர் கோலாட்டக் குச்சி வாங்கி ஆடினார்கள். எல்லைக் கம்பு மூடியே கிடந்தது. அந்த அம்மா கழுத்தில் மாலையோடு அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பிறகு எல்லோரும் வானில் ஏறினார்கள்.

ஹோட்டலில் அவர்களை இறக்கியதும் அந்த அம்மா மட்டும் இறங்கவில்லை. சாயங்காலக் கூட்டத்தில்தான் முடிவு, அதற்குள் அந்த லொறி போவதை ஃபோனில் வீடியோப் படம் எடுத்துவர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். சாப்பிடாமலே திரும்பினோம்.

கம்புக்குப் பக்கத்தில் வானை நிறுத்திக் காத்திருந்தோம். மழை பிடித்தது. மேலே மலையில் பெண்கள் மழைக்குப் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது பனியில் விட்டுவிட்டுத் தெரிந்தது. காலையில் எடுக்காததையும் சேர்த்து எடுக்கவேண்டியிருந்ததால் நிறுவை பிந்தியது. காவல்காரர் வந்து யாரைப் பார்க்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். லொறியை என்றேன். அவர் சிரித்தார்.

கொழுந்து சிவந்துபோனால் உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். எல்லையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் கொட்டிவிட்டு வெறும் சாக்கோடு வீட்டுக்குப் போவார்கள் என்றார். அவருடைய அண்ணனும் அப்படிக் கொட்டுகிறவர்தானாம். இந்த வருடமும் கொட்டவேண்டி வந்தால் தேயிலையைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு வழியாக லொறி வந்தது. காவல்காரர் கம்பைத் தூக்கினார். டிரைவர் கையைக் காட்டினார். லொறி போனது. கம்பு இறங்கியது. அந்த அம்மா மழையில் நின்றே படம் எடுத்தார். எடுத்து முடித்தும் கொஞ்ச நேரம் ஃபோனை இறக்காமல் நின்றார்.

பின்னால் நடந்து வந்த அக்கா வானைத் தட்டினாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. “ஒங்க ஆளுக ஆடிட்டுப் போயிட்டாங்க. நாங்கதான் இருட்டுற வரைக்கும் நனையிறோம்” என்றாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “பாவம், இவங்க இன்னும் போகலியா? லயத்துக்குக் கூட்டிட்டு வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்” என்றாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

தலவாக்கலைக்கு மேலே பனி இறங்கி, லைட்டைப் போட்டும் ரோடு தெரியவில்லை. மெதுவாகத்தான் வரமுடிந்தது. ஹோட்டல் மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பனி கூடுவதற்குள் கொழும்புக்கு இறங்கவேண்டும் என்று வங்கிக்காரர்கள் கூட்டத்தை முன்னால் வைத்து முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வங்கியின் இளம் அதிகாரி ஒருவர் மட்டும் பெட்டியோடு நின்றார். படத்தை முழுவதும் பார்த்தார். ரொம்ப நல்ல படம், அனுப்பிவையுங்கள் என்றார். உங்கள் எல்லை இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது என்றார். இரண்டாம் கட்டம் எப்போது என்று அந்த அம்மா கேட்டார். முதல் கட்டம் முடிந்த பிறகு என்றார் அவர்.

உள்ளே சிக்னல் இல்லை என்று அந்த அம்மா வானுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்கு ஃபோன் எடுத்தார். அவர்கள் பாஷை எனக்குப் புரியாது. அந்தப் பக்கத்திலிருந்து ஆண் குரல் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார், பொறுத்திரு என்று கெஞ்சுவதுபோல் இருந்தது. அவர் உடுப்பு மழையில் நனைந்து இன்னும் காயவில்லை என்று நான் ஹீட்டரைப் போட்டேன். பேசி முடித்த பிறகும் அவர் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போனது.