கிணறு ஆல்பத்தின் நான்காவது நிமிடம்

அந்த இசைக்குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்துத் தேடுவீர்கள், இருபது நொடி கேட்பீர்கள், தகரக் கொட்டகைக்குள் பன்றி புகுந்த மாதிரி இருக்கிறதே, இதெல்லாம் ஒரு பாட்டா என்பீர்கள். வருடக்கணக்காக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. மெட்டல் இசையே நம் ஆட்களுக்கு ஆகாது. இவர்களோ மெட்டல் கேட்கிறவர்களுக்கே ஆகாதவர்கள். பாட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம் தண்ணீர் சொட்டும். பாடுகிறவர் பாடவே மாட்டார், மூச்சு மட்டும் விடுவார். இதுவரை எட்டு ஆல்பம் போட்டிருக்கிறார்கள், எட்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் முதல் நான்கும் எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோதே எங்கள் வீட்டில் இருந்தவை. அவற்றை ஊரே கூடி உடைக்க வைத்தது, இப்போது இருப்பவை பிறகு நான் வாங்கியவை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த சி.டி. தட்டுகள் என் தாய்மாமாவுடையவை. விஸ்வநத்தத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். அப்பா லாரியில் போனால் மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் நான், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மூன்றே பேர்தான். அம்மா ஊருக்கு வெளியே இருந்த பட்டாசுத் தொழிற்சாலையில் திரி ஏற்றினாள். எங்கள் பக்கம் அதை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர்கள், ஏதோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை என்று நினைத்துக்கொள்ளலாம். மாமாவும் முதலில் அங்கேதான் இருந்தார். வெடிமருந்து காயப்போட்ட களத்தில் ஒருநாள் வெடித்தது, இடது காது போனது. பிறகு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷினுக்குப் போனார். மெஷின் சத்தத்துக்குச் செவிட்டுக் காதுதான் தோது என்று அச்சக முதலாளி பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டாராம்.

அங்கேதான் அந்தக் குழு மாமாவிடம் வந்து சேர்ந்தது. சென்னையில் ஒரு பார்ட்டி, வெளிநாட்டுக் குழு ஒன்றின் நான்கு ஆல்பங்களுக்கு அட்டை அடிக்க ஆர்டர் கொடுத்திருந்தார். சிவகாசிப் பக்கத்தில் பள்ளிக்கூட நோட்டுக்குப் பிரவுன் தாளில் அட்டை போடுகிற பிள்ளை கிடையாது, அச்சகக் கழிவுத் தாள்தான். ஒருத்தி நோட்டில் பாதி முருகன் இருப்பார், இன்னொருத்தி நோட்டில் பாதி பிஸ்கட் இருக்கும். அந்த வருடம் என் கணக்கு நோட்டில் மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற கிணறு இருந்தது. அறிவியல் நோட்டில் ஒரு மாட்டின் கண். சாம்பிளுக்கு வந்த தட்டுகளைப் பார்ட்டி திரும்பக் கேட்காததால் மாமா அவற்றையும் கொண்டுவந்துவிட்டார். ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அட்டைப் படத்தை வைத்து மாட்டுக்கண், கிணறு, கை, வெள்ளை என்று பெயர் வைத்தோம். இன்றும் எனக்கு அவற்றின் பெயர் அதுதான்.

மாட்டுக்கண் முதல் ஆல்பம், இளவட்டக் கோபம். பதினோரு பாட்டு, ஒன்றுகூட இரண்டு நிமிடத்தைத் தாண்டாது, வாசலில் நின்று வைதுவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். கை ஆல்பத்தில் கித்தாரே கிடையாது. மேசை, தொடை, கதவு என்று கண்டதையும் உள்ளங்கையால் அறைந்தே முழு ஆல்பத்தையும் போட்டிருப்பார்கள். வெள்ளை ஒரே பாட்டு, ஐம்பது நிமிடம். அதை முழுதாகக் கேட்டேன் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாவதாக வந்த கிணறுக்கு ஈடு எதுவும் கிடையாது, அதற்குப் பிறகு அவர்களாலேயே அப்படி ஒன்றைச் செய்ய முடியவில்லை. முதல் பாட்டு ஒற்றைத் தந்தியும் சொட்டுத் தண்ணீருமாகத் தொடங்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் கேட்கும். நான்காவது நிமிடத்தில் அத்தனை வாத்தியமும் ஒரே அடியாக விழும், ஒரே ஓர் அடி. அதன்பின் இரண்டு நிமிடத்துக்கு ஊசி மாதிரி ஒரு கூவல் மட்டும்.

மாமா வலது காதை ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்டி, உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்துத்தான் கேட்பார். ஒருநாள் அந்தக் கூவல் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "இங்கன வந்து கேளு பாப்பா. வெடிச்சதுலருந்து ஏங் காதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்குனு சொல்லுவேன்ல, அது இதான். அந்த ஊர்க்காரனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றார். தட்டில் கீறல் விழுந்திருக்கும் மாமா என்றேன் நான்.

தெருவில் அவருக்கு லூசு என்று பெயர். ஒற்றைக் காதுக்காரனுக்குப் பாட்டு ஒரு கேடா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஒழுங்காகக் கேட்டால் இவர்கள் வாயை மூடிவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். புத்தி அவ்வளவுதான்.

பங்குனியில் அம்மன் கோயிலுக்குப் பொங்கல் திருவிழா சாட்டி மூன்றாம் நாள். சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. அம்மாவுக்கு ஆபீஸ் உண்டு, மாமா அச்சகத்துக்கு லீவு போட்டிருந்தார். கோயில் முன்னால் ரேடியோ செட் கட்டி, வேப்பமரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார்கள். 'உபயம்' என்று போட்டு ஆபீஸ் முதலாளியின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். ரேடியோ செட்காரர் தேநீர் குடிக்கக் கிளம்பியபோது, "பாட்டு முடிஞ்சா அடுத்த தட்டப் போடு பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். இதற்காகவே இரண்டு நாளாக அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாவாடைக்குள் செருகியிருந்த கிணறை எடுத்துப் போட்டேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. வீட்டில் ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்து கேட்டது வேறு, வெளியில் வேறு. ஒலியைக் கூட்டினேன். தண்ணீர் சொட்டுவது லேசாகக் கேட்டது. இன்னும் கூட்டினேன். திருகு அதற்குமேல் நகராது என்கிற மட்டும் திருகினேன். சொட்டு, சொட்டு என்று ஊர் முழுக்கத் தண்ணீர் விழுந்தது. குழாயடியில் குடத்தோடு நின்ற மாமா தலையைத் தூக்கினார். முதலில் நம்பவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நான்காவது நிமிடம் வந்தது.

வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்தன. ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் ஒன்றுதான். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஓடினார்கள். பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர் ஓடினார். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பெயர் இருந்தது, மகள் பெயர், மருமகள் பெயர். பாட்டில் அந்தக் கூவல் வேறு தொடங்கிவிட்டது. வெடிக்குப் பிறகு காதில் கேட்கிற கூவல் என்றுதான் ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அது ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் முன்னால், என்னைத் தாண்டி, வெறுங்காலோடு ஓடியவர் என் மாமா.

ஊர் ஆபீஸை நோக்கி ஓடியது. ஊரே ஓடிவருவதைப் பார்த்த ஆபீஸ்காரர்கள், தங்களுக்குத் தெரியாமல் எங்கோ ஓர் அறை வெடித்துவிட்டது என்று பயந்து ஊரை நோக்கி ஓடிவந்தார்கள். கண்மாய்க்கரையில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டன. எங்க வெடிச்சது, எங்க வெடிச்சது என்று இரண்டு பக்கமும் கேட்டார்களாம்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். ஆபீஸில் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு வேலை செய்வார்கள். அம்மாவின் அந்தச் சட்டையை மாமா கைலிக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். பார்க்கக் கோமாளி மாதிரி இருந்தது. தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஊருக்குக் கோபம் வந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அதே ஆபீஸில் அதற்கு முன் இரண்டு தடவை உண்மையாகவே வெடித்திருந்தது. முதல் தடவை மாமாவின் காது போனது. இரண்டாம் தடவை எங்கள் எதிர்வீட்டு அக்கா போனாள். அப்போதெல்லாம் ஊர்க்கூட்டம் கூடவில்லை. முதலாளி காரில் வந்தார், மாலை போட்டார், போனார். நாலாம் நாள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள், அந்த அக்காவின் அம்மாவும் போனாள். ஆள் செத்தபோது கூடாத கூட்டம், ஒரு பாட்டுக்கு அன்று சாயங்காலமே கூடியது. ஆபீஸ் போர்மேனுக்கு நாற்காலி போட்டார்கள். மாமாவை நிற்க வைத்தார்கள்.

"ஏலே, பாட்டு ஆரம்பிக்கையில நீ சிரிச்சுக்கிட்டு நின்னத நாலு பேரு பாத்திருக்காக. அந்தத் தட்ட வச்சது யாரு?" என்று ஊர்த்தலைவர் கேட்டார்.

நான் கூட்டத்தின் ஓரத்தில் அம்மாவை ஒட்டிக்கொண்டு நின்றேன். ரேடியோ செட்காரர் என்னைப் பார்த்தார். ஒரு சின்னப் பிள்ளையிடம் செட்டை விட்டுவிட்டுப் போனது வெளியே வந்துவிடும் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது என்று மாமா சொல்லியிருந்தால், என் காதைத் திருகியதோடு முடிந்திருக்கும். தட்டுகள் தப்பித்திருக்கும்.

"நாந்தாண்ணே" என்றார் மாமா.

"பாட்டுன்னு தெரிஞ்சவன் பெறகு எதுக்குலே எல்லாருக்கும் முன்னால ஓடுன?"

மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார். "தெரியும்ணே. தெரிஞ்சும் ஓடிட்டேன்."

"அம்புட்டும் நடிப்பு" என்றார் போர்மேன். கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, மாமாவின் மேல் ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது. என்னைக் காப்பாற்றத்தான் ஓடுகிற மாதிரி நடித்திருக்கிறார், அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்தேன். நேராக வந்து அந்தப் பாட்டை நிறுத்தியிருந்தால் பாதி ஊர் ஓடாமலே நின்றிருக்குமே! இவருக்கு யார் நடிக்கச் சொன்னது?

அம்மன் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும், தட்டுகளை அவர் கையாலேயே உடைக்க வேண்டும், பொங்கல் முடியும்வரை ஊருக்குள் இருக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு. மாட்டுக்கண், கை, வெள்ளை மூன்றையும் மாமா உடைத்தார். தட்டு அவ்வளவு லேசில் உடையாது, வளைந்து வளைந்துதான் உடையும். செட்டுக்குள் கிடந்த கிணறை ரேடியோ செட்காரர் கல்லில் வைத்துத் தேய்த்துத் தன் வண்டிக்குப் பின்னால் மினுக்கத்துக்குத் தொங்கவிட்டுக்கொண்டார். மாமா அன்றே திருப்பூருக்குப் போனார், பொங்கல் முடிந்தும் வரவில்லை. இப்போது அவருக்கு வலது காதும் கேட்பதில்லை. புது ஆல்பம் வந்தால் அட்டைப் படத்தை மட்டும் அவர் போனுக்கு அனுப்புவேன். படத்தைப் பார்த்துப் பெயர் வைத்து எழுதி அனுப்புவார்.

போன பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தேன். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த என்னிடம், "இன்னும் அந்தக் கெணத்துப் பாட்டத்தான் கேக்கியா?" என்றாள் அம்மா. அன்றுதான் சொன்னேன், தட்டு வைத்தது நான் என்று. எனக்குத் தெரியாதா என்றாள். என்னைக் காப்பாற்ற மாமா ஓடுகிற மாதிரி நடித்ததையும், அதனால் அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தையும் சொன்னேன்.

"நடிச்சானா? போடி இவளே" என்றாள் அம்மா. "கம்மாக்கரையில என்னயப் பாத்ததும் என் ரெண்டு கையயும் புடிச்சு ஒவ்வொரு வெரலாத் தொட்டுத் தொட்டுப் பாத்தான். கைலியெல்லாம் ஈரம். நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருந்தான்டி. ஊரு பாத்துரக் கூடாதுன்னுதான் ஏஞ் சட்டையக் கழத்தி அவன் இடுப்புல கட்டிவிட்டேன்."

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அந்தப் பாட்டின் ஒவ்வொரு நொடியும் மாமாவுக்கு மனப்பாடம். அடுத்து என்ன விழப்போகிறது என்று ஊரிலேயே அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தும் அவர் கால் ஓடியிருக்கிறது. கூட்டத்தில் அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை.

அன்று அம்மாவின் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமா தெருவுக்குள் வந்தபோது, முதலில் சிரித்தவள் நான். என் சிரிப்பைக் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.