நீலச் சட்டையோடு ஓடியவள்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளே கண்ணில் லேசர் ஆபரேஷன் செய்து கண்ணாடியைக் கழற்றப் போகிறேன் என்று வந்து நின்றால் முதலாளி என்னதான் செய்வார்? "ஏம்மா, நீயே இப்படிப் பண்ணினா கடைக்கு வர்ற கஸ்டமர் என்ன நினைப்பாங்க? ஹோட்டல்காரன் பக்கத்து ஹோட்டல்ல சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்று புலம்பினார். நாலைந்து வருடம் போனால் படிக்கிறதுக்குக் கண்ணாடி தேவைப்படும் என்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. அப்பாடா, தொழில் தப்பித்தது என்று லீவு கொடுத்தார்.

கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். வட்டமான லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்ப்பது, ஓரத்தில் கூர் இல்லாமல் மழுக்குவது, ஃபிரேமைச் சூடு காட்டி இளக்கி லென்ஸை உள்ளே அமுக்குவது எல்லாம் அவள் வேலை. தண்ணீர் சொட்டச் சொட்ட இயந்திரம் போடுகிற கிரீச்சலில் யாரோடும் பேச முடியாது. பேசுவதற்கு அங்கே யாரும் இல்லை என்பது வேறு விஷயம். ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் அவள் கைவேலை உட்கார்ந்திருந்தது. அதில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

அவளுக்குப் பவர் மைனஸ் எட்டு. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று வைத்த பெயர், அங்கே கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் போன பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது. அம்மா இருந்தவரைக்கும் அம்மா இருந்தாள். அம்மா போன பிறகு இரண்டு அறை வீடும் அவளும். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தன் பிள்ளைகளை அதட்டப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்ததுதான் இந்த ஓட்டம். நடந்து பார்த்தாள். நடந்தால் மனசு பழசையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. ஓடினால் வாயை மூடிக்கொண்டு கூட வந்தது. ஆகவே ஓடினாள்.

தெருக்கோடியில் ஒரு மைதானம். அதைச் சுற்றி மண்பாதை, பாதையின் உள்விளிம்பில் சுண்ணாம்பு அடித்த கற்கள். கண்ணாடியோடு ஓடினால் வேர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்து நிற்கும், ஆவி படியும். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனவே கண்ணாடியைப் பெட்டியில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அந்த வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். மரங்கள் பச்சைக் குவியல். மனிதர்கள் கலர் கலரான அசைவுகள். ஒரே சீராக, ஒரு அடி கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் ஓடுவாள். எல்லாம் பயம்தான்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்தில் ஒரு நீலம் வந்து சேர்ந்தது. நீலச் சட்டை, ஆண் பிள்ளையின் மூச்சு. முந்திப் போய்விடுவார் என்று கொஞ்சம் ஒதுங்கினாள். அவர் முந்தவில்லை. பின்தங்கவும் இல்லை. அடுத்த நாளும் வந்தார். அவள் வேகம் குறைத்தால் குறைத்தார், கூட்டினால் கூட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, இவருக்குத்தான் நன்றாகக் கண் தெரியும், இவர் பக்கத்தில் ஓடினால் பள்ளம் மேட்டில் விழ மாட்டோம் என்று அவளுக்குப் பயம் கொஞ்சம் விட்டது. இப்படியே வருடங்கள் ஓடின. காதல் கீதல் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு மனிதர் தன் பக்கத்தில் வேண்டுமென்றே இருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் ஆசைப்பட அவளுக்குப் பழக்கமில்லை.

ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார்கள். ஏதோ வேலைக்காக லாரிக்காரன் பாதை நடுவில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். அவள் நேராகப் போய் அதில் விழுந்தாள். பக்கத்திலேயே அவரும் தொப்பென்று விழுந்தார். இரண்டு பேரும் மணலும் வாயுமாக எழுந்து சிரித்தார்கள். "அடி ஒண்ணும் படலையே?" என்றார் அவர். "இல்லைங்க" என்றாள் அவள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சம்பவத்தை அவள் எத்தனையோ முறை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவருக்குக் கண் தெரியும். சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். தான் விழுந்ததைப் பார்த்து, கூச்சப்படுவாளே என்று கூடவே விழுந்த மனுஷன்! அவளுக்காக அதுவரைக்கும் யாரும் அப்படி எதுவும் செய்ததில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருநாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது, இதற்கு ஆபரேஷன் எதற்கு என்று கேட்கலாம். அவள் அவரைப் பார்த்தால் அவரும் அவளைப் பார்ப்பாரே. அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் இரண்டு மிளகு மாதிரிதான் தெரியும். சோடாபுட்டியாக அவர் முன்னால் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. ஓட்டம் முடிந்து அவர் கிளம்பிப் போன பிறகுதான் வாட்ச்மேனிடம் கண்ணாடியைத் திரும்ப வாங்குவாள். முதலாளியிடம் வேர்வை, ஆவி என்று நூறு காரணம் சொன்னாள். உள்ளே இருந்த காரணம் இது ஒன்றுதான்: வெறும் முகத்தோடு அவரைப் பார்க்க வேண்டும், அவரும் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்காங்க?" என்பது. யாரும் வரவில்லை என்றால் லேசர் கிடையாதாம். அவள் வெளியே போய், தன்னை இறக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்ஸிக்காரரைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள். "தம்பி" என்று சொன்னாள். அவரும் தம்பியாகவே ஆகிவிட்டார். எல்லாம் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு அவள் வெளியே வந்தபோது, "அக்காவுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடணும், கண்ணைக் கசக்க விடக் கூடாது" என்று நர்ஸ் சொல்ல, "நான் பார்த்துக்கிறேன் சிஸ்டர்" என்று பொறுப்பாகத் தலையாட்டினார். கையைப் பிடித்துப் படியிறக்கி, வீட்டு வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்து விட்டார். "யாராச்சும் இருக்காங்களாக்கா உள்ளே?" என்று கேட்டார். "இருக்காங்க" என்றாள். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு மாதம் தூசியில் ஓடக் கூடாது. மறுநாள் காலையில் கட்டு அவிழ்த்த மாதிரி உலகம் தெளிந்திருந்தது. சுவரில் ஈரம் கசிந்த கறை தெரிந்தது, அம்மா கட்டில் மேல் படிந்த தூசி தெரிந்தது, எதிர் வீட்டு ஜன்னலில் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளத் தலையைச் சாய்த்தால் பாதி கன்னத்தில் வழிந்தது. அந்த மாதம் முழுக்க யாரும் அவளை எங்கே காணோம் என்று கேட்கவில்லை. முதலாளி மட்டும் போன் செய்தார். ஒரு ஃபிரேமின் ஸ்க்ரூ எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்க.

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டோமே என்பதுதான் அவளை அரித்தது. போய்ச் சொல்லலாம் என்றால், கறுப்புக் கண்ணாடியோடு வேண்டாம் என்று தடுத்தது எது? அதே பாழாய்ப் போன கூச்சம்தான்.

ஓடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே புது ஷூ வாங்கினாள். மெத்தென்ற அடிப்பாகம், பூனை நடந்த மாதிரி சத்தமே வராது. மறுநாள் காலையில் தலைவாரி மைதானத்துக்குப் போனாள்.

போனவளுக்குத் தலை சுற்றியது. நீலச் சட்டைகள் ஐந்தாறு ஓடிக்கொண்டிருந்தன! வெளிர்நீலம், கருநீலம், கோடு போட்ட நீலம். ஒவ்வொரு நீலத்தோடும் கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடி முகத்தைப் பார்த்தாள். ஒருத்தர் காதில் பாட்டு மாட்டியிருந்தார். ஒருத்தர் என்ன வேண்டும் என்பது போல் முறைத்தார். ஒருத்தர் வேகத்தைக் கூட்டிப் போயே போய்விட்டார். இவ்வளவு நன்றாகக் கண் தெரிந்து என்ன பயன், எதைத் தேடுகிறோம் என்று தெரியாதபோது? பழைய மங்கலில் ஒரே ஒரு நீலம் இருந்தது, அது அவளுடையது. இப்போது மைதானம் நிறைய முகங்கள். ஒன்றுகூட அவளுக்கானது இல்லை.

மூன்று நாள் அப்படித் தேடிவிட்டு, வெட்கத்தை விட்டு வாட்ச்மேனிடம் போனாள். கண்ணாடி இல்லாத அவளை அவருக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"என் கூட ஓடுவாரே ஒருத்தர், நீலச் சட்டை... அவரு இப்ப வர்றது இல்லையாண்ணே?"

"அட, நீங்களாம்மா! கண்ணாடி எங்க? அந்தக் கண்ணு தெரியாத சார்தானே? அதோ, பெஞ்சுல உக்காந்திருக்காரே."

அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். வாட்ச்மேன் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். "நீங்க வராம போனதும் தனியா ஓடிப் பார்த்தாரு. ரெண்டாவது நாளே கல்லுல தடுக்கி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் வர்றாரு, உக்கார்றாரு, போறாரு. நீங்க அவரைக் கூட்டிக்கிட்டு ஓடுறதப் பார்த்து, இந்தக் காலத்துல இப்படி ஒரு புண்ணியவதியான்னு நாங்க பேசிக்காத நாளில்ல."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை இந்த மூன்று நாளில் பலமுறை அவள் கடந்து போயிருந்தாள். நீலச் சட்டைதான். ஓடாத ஒருவரை அவள் எதற்குப் பார்க்கப் போகிறாள்? ஐம்பதை நெருங்கிய, அம்மை வடு நிறைந்த சாதாரண முகம். மடியில் மடக்கிய வெள்ளைக் குச்சி. முட்டியில் காய்ந்த காயம். அவள் முன்னால் போய் நின்றாள். வெறும் முகத்தோடுதான் நின்றாள். அவர் கண்கள் அவள் தோளுக்கு மேலே எங்கேயோ இருந்தன.

"நான்தாங்க" என்றாள்.

அவர் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். "மணல்ல விழுந்தீங்களே, அந்தக் குரல்" என்றார். பிறகு முகம் கடுத்தது. "ஒரு மாசமா எங்கங்க போனீங்க? உடம்பு கிடம்பு முடியலையோன்னு... கேக்கலாம்னா பேரு தெரியாது."

"கண் ஆபரேஷன். இதுக்கு முன்னாடி கண்ணாடி இல்லாம எனக்குப் பக்கத்துல இருக்கிற ஆள் முகமே தெரியாதுங்க. உங்களைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாளும் ஓடினேன்."

"என்னையா?" அவர் சிரிக்கவில்லை. "நான் உங்க ஷூ சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். இவ்வளவு நிதானமா ஓடுறவங்களுக்குக் கண்ணு எவ்வளவு நல்லா இருக்கணும்னு நினைச்சேன்."

"அப்ப அந்த மணல்?"

"நீங்க போறீங்களே, வழி சரியாத்தான் இருக்கும்னு வந்தேன்."

இத்தனை வருடம் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தது அப்படியே சரிந்தது. அவளுக்காக யாரும் விழவில்லை. இரண்டு பேருக்கும் தெரியவில்லை, விழுந்தார்கள், அவ்வளவுதான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அவர் குச்சியை விரித்துக்கொண்டு எழுந்தார். "சந்தோஷங்க. இனிமே நீங்க உங்க வேகத்துல ஓடலாம். என் கண்ணு விஷயம் தெரிஞ்சுட்ட பிறகு நீங்க என்னைக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி ஆகிடும். பாவம் பார்த்து ஓடுறது எனக்கு ஒத்து வராது."

அவர் நாலு அடி நடந்துவிட்டார். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"பாவம் நான்தாங்க" என்றாள். சத்தமாகவே வந்தது. "ஆபரேஷனுக்குக் கூட வர ஆள் இல்லாம டாக்ஸிக்காரரைத் தம்பின்னு சொன்னேன். ஒரு மாசமா என்னை எங்க காணோம்னு கேட்ட ஆள் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். கூட ஓடுறதுக்கு எனக்கு ஆள் வேணும்."

ஓடிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

அவர் அந்த நாலு அடியையும் திரும்பி வந்தார். குச்சியை மடக்கிப் பெஞ்சில் வைத்தார். "அந்தப் பழைய ஷூ என்னாச்சு? வந்து நின்னதே தெரியலை."

"புதுசு வாங்கிட்டேன். சத்தம் வராது."

"அப்ப பேசிக்கிட்டே ஓடுங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்."

"என்னங்க பேசுறது?"

"எதையாவது. நிறுத்தக் கூடாது."

கல் தடுக்காதபடி அவள் அவரை வெளிப்பக்கம் விட்டு, கல்வரிசை ஓரமாக ஓடத் தொடங்கி, தான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் என்று ஆரம்பித்தாள். இயந்திரத்தைச் சொன்னாள். முதலாளி புலம்பியதைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டிக்கொண்டே ஓடிவந்தார். இரண்டாவது சுற்றில் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். தங்கையிடம்கூடச் சொல்லாத கடைசி நாட்களைச் சொல்ல வந்தபோது மூச்சு முட்டி, பேச்சு அறுந்தது.

அவர் நின்றார். அவள் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, "உம், அப்புறம்?" என்றார்.