கேமரா ஏறாத மேடு

தட்டை இடது கையில் ஏந்தி, நடந்தபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு, அடுத்த வாய்க்குள் கோடவுனின் மூட்டை அடுக்கின் பின்னால் போய் மறைந்துவிடுகிறாள் சக்கரத்தக்கா. திரும்பி வரும்போது தட்டு காலி. கையில் யாரோ இடம் மாற்றி வைத்த பால்பவுடர் டப்பா. "இத யாரு சோப்புக்குப் பக்கத்துல வச்சது? சோப்பு வாசனையோட பால் குடிக்கிற குழந்தை இன்னும் பொறக்கல!" பதில் வருவதற்குள் அவள் வாசலுக்குப் போயிருப்பாள்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று யாரோ சொல்லப்போய், அதுவே பெயராகிவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்தே பிழைப்பவர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சுவரைக் காட்டுவார். "எங்க கல்யாண போட்டோவப் பாருங்க. எல்லாரும் தெளிவா இருப்பாங்க, இவ மட்டும் கலங்கலா இருப்பா. போட்டோக்காரன் கெஞ்சியும் நிக்கலையே!"

இந்தக் கோடவுன் ஒரு காலத்தில் சட்டை தைக்கும் கம்பெனி. தைத்த சட்டைகளைச் சோதிக்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். கம்பெனி மூடியது. வெள்ளம், தீ, நிலச்சரிவு என்று அடிபட்டவர்களுக்குப் பொருள் சேர்த்து அனுப்பும் ஓர் அறக்கட்டளை இடத்தைப் பிடித்தது. "கட்டடத்தோட சேத்து என்னையும் வாடகைக்கு எடுத்துட்டாங்க" என்பாள். நூல் தூசி இன்னும் ஜன்னல் கம்பிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பித்தான் இல்லாத சட்டை மூட்டையிலிருந்து வெளியே வந்தால் போதும், பழைய சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பாள். "கஷ்டப்படுறவங்கன்னா நெஞ்சைத் திறந்து போட்டுட்டுத் திரியணுமா?"

உயரத்தில் ஒரு பலகை, அதில் ஒரு டிவி. சத்தம் வைப்பதில்லை. போகிற வருகிற போக்கில் அண்ணாந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். "என்ன காட்டறான்னு தெரிஞ்சா போதும். நாளைக்கு என்ன மூட்டை வரும்னு நான் சொல்லிடுவேன்." கூரை பறந்த வீட்டைக் காட்டினால் தார்ப்பாய் வரும். நடுங்கும் கிழவரைக் காட்டினால் கம்பளி வரும்; ஒருமுறை யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டுகூட வந்தது, மார்பில் குத்திய காகிதப் பூவோடு. காட்டாதது வராது. அரிசி வேகவைக்கப் பாத்திரம் இல்லை என்று எந்த டிவியும் காட்டுவதில்லை. அதனால் பாத்திரம் வந்து அவள் பார்த்ததும் இல்லை.

இந்த வருடம் பெய்த மழையில் ஆற்றுமுகம் என்ற ஊர் மூழ்கியது. நெடுஞ்சாலை அதை ஒட்டியே போகிறது. மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தி, டயர் நனையாமல் படம் பிடிக்கலாம். பிடித்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒரு சிறுமி தன் பள்ளிக்கூடப் பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று முழுவதும் அவள்தான் டிவியில். சக்கரத்தக்கா தலையில் கை வைத்தாள். "போச்சு. பை வரப்போகுது."

வந்தது. சிவப்பு, நீலம், பொம்மை போட்டது, சக்கரம் வைத்தது என்று கோடவுனின் பாதியைப் பை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு பைக்கட்டின் மேலும் 'பை வைத்திருந்த குழந்தைக்கு' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குழந்தையின் அம்மா போனில் அழாத குறை. "இனிமே வேணாங்க்கா. பையத் தூக்கிட்டு யாராவது வந்தாலே எம் பொண்ணு ஓடிப்போய் ஒளிஞ்சுக்கிறா. தினம் நாலு பேரு போட்டோவுக்கு நிக்கச் சொல்றாங்க."

அதே மழையில் இன்னொன்றும் நடந்தது. கல்குவாரி மேட்டில் சரிவு இடிந்து தொழிலாளர் வீட்டு வரிசையை மூடியது. ரோடும் அறுந்துபோனது. இது டிவியில் அடியில் ஓடும் எழுத்தாக ஒருமுறை ஓடியதாம், சக்கரத்தக்கா பார்க்கவில்லை. ஓடும் எழுத்தைப் படிக்க நிற்க வேண்டுமே.

அவளுக்குச் செய்தி நடந்து வந்தது. சேறு காய்ந்த புடவையோடு, சின்னப் பெண்குழந்தை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கல் உடைப்பவள் கோடவுன் வாசலில் நின்றாள். கணவனை மண்ணிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. என்ன வேண்டும் என்று சக்கரத்தக்கா கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்:

"எங்க மேடு டிவில வந்துச்சாக்கா?"

சக்கரத்தக்கா கையிலிருந்த மூட்டையை இறக்கினாள்; மறுபடி தூக்கினாள்; மறுபடி இறக்கினாள்.

"இன்னும் வரலம்மா."

"வந்தா ஆளு வருவாங்கன்னு சொன்னாங்க. அதான் கேட்டேன்."

உள்ளே கூட்டிப்போய்க் கனமான போர்வை ஒன்றை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டு, லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். லாரி ஓட்டுவது அவளுடைய கொழுந்தன். அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணி, மூட்டை மேலயே ஆத்துமுகம்னு எழுதியிருக்கு."

"மூட்டைக்குப் படிக்கத் தெரியுமா? ஏத்து."

ஒரு லோடு போனது. ரோடு அறுந்த இடம்வரை லாரியில், அதற்குமேல் தோளில். இரண்டாவது லோடுக்குள் அறக்கட்டளைச் செயலாளர் போன் செய்துவிட்டார். கெட்டவரல்ல, பயந்தவர். "அக்கா, குடுத்தவங்க ஆத்துமுகத்துல குடுத்த போட்டோ கேக்கறாங்க. நான் எங்க போவேன்? மேட்டுக்குன்னு யாராவது குடுத்தா மேட்டுக்கு அனுப்புங்க."

"மேடு இருக்குன்னே யாருக்கும் தெரியாதே சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

போனை வைத்துவிட்டுக் கோடவுனை நீளவாக்கில் நடந்தாள், குறுக்கே நடந்தாள். பைகளின் மேல் இடித்துக்கொண்டாள். அந்தப் பைகளைப் படம் பிடிக்கத்தான் மறுநாள் ஒரு டிவி நிருபர் வந்தாள். சின்ன வயது, தூங்காத கண்கள், ஈரம் காயாத ஷூ. 'அன்பு குவிகிறது' என்று சொல்லி முடித்து மைக்கை இறக்கியதும் சக்கரத்தக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குவாரி மேட்டுக்கு வாம்மா. அங்க வீடே இல்ல."

"கேட்டேங்க்கா. ஆபீஸ்ல வேணாங்கறாங்க. தண்ணின்னா மூழ்கின வீடு தெரியும். மண்ணுல என்ன தெரியும்? வெறும் மண்ணு தெரியும்." கொஞ்சம் தயங்கினாள். "ஒரு முகம் கெடச்சா போடுவாங்க. பேசற முகம்."

"முகம்தானே? நான் தரேன், வா."

மேட்டில் தப்பியவர்கள் குவாரி வண்டிகள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். முதல் லோடோடு திரும்பியிருந்த கல் உடைப்பவளை வெளியே அழைத்து, மண் குவியலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மழைத் தூறல், மலைக்காற்று. நிருபர் மெதுவாகத்தான் கேட்டாள். அவளும் சொன்னாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். வீடு இங்கே இருந்தது. அவர் உள்ளே இருந்தார். நாங்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தோம். அவ்வளவுதான். கண்ணில் பொட்டு நீர் இல்லை.

கேமராக்காரர் பின்னாலிருந்து தலையாட்டினார், சரியில்லை என்று. நிருபர் மெல்ல, "புதுப் போர்வை… எல்லாம் கிடைச்ச மாதிரி தெரியுதுங்க்கா" என்றாள்.

அதன் பிறகு நடந்ததைச் சக்கரத்தக்காவின் கைதான் செய்தது. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. விடுவிடுவென்று போனாள், தான் போர்த்திய போர்வையைத் தானே அந்தத் தோளிலிருந்து உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கட்டியிருந்த தலைமுடியிலும் ஒரு கொத்தை இழுத்துவிட்டாள். கல் உடைப்பவள் சக்கரத்தக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். குளிரில் தோள் குறுகியது. "இப்ப சொல்லுங்கம்மா" என்றார் கேமராக்காரர்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் டிவியில் வந்தது. ஆனால் வந்தது. மறுநாளே கோடவுன் போன் ஓயாமல் அடித்தது. செயலாளர் குரலில் தேன். ரோட்டைச் சரிசெய்ய இயந்திரம் மேலே ஏறியது. கல் உடைப்பவளின் கணவனையும் மற்றவர்களையும் மண்ணிலிருந்து எடுத்தார்கள். எல்லாரும் சக்கரத்தக்காவைக் கொண்டாடினார்கள். "அக்கா போட்ட போடுல மேடே நிமிர்ந்துடுச்சு!"

அவள் இன்னும் வேகமாக நடந்தாள். அடுக்கியதைப் பிரித்தாள், பிரித்ததை அடுக்கினாள். மேட்டுக்கு என்று வந்தவை எல்லாம் போர்வைகள். கூரைவரை போர்வை. கொழுந்தன் வந்து முணுமுணுத்தான்: "ஆத்துமுகத்துல கேக்கறாங்க அண்ணி, எங்கள மறந்துட்டீங்களான்னு. அங்க தண்ணி இன்னும் வடியல." டிவியை அண்ணாந்து பார்த்தாள். ஆற்றுமுகமும் இல்லை, மேடும் இல்லை. எங்கோ ஒரு பெரிய கட்டடம் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

வீட்டிலும் நடைதான். கணவர் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"லாரியெல்லாம் போயிடுச்சுல்ல? அப்புறம் ஏன் வீட்ட அளந்துட்டிருக்க?"

"அவ தோள்ல இருந்த போர்வைய நான்தான் உருவினேன்."

"நல்லதுக்குத்தானே பண்ணே."

"நல்லதுக்குத்தான்."

"அவளுக்குக் குளிருச்சா?"

"கேக்கல" என்றாள் சக்கரத்தக்கா. "உருவிட்டு, கேக்கக்கூட இல்ல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. அவள் சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

மறுவாரம் மேட்டுக்கு ஒரு கம்பெனி ஊழியர்கள் கிளம்பினார்கள். எல்லாரும் ஒரே நிறச் சட்டை. சக்கரத்தக்காவும் லாரியில் ஏறினாள். போன தடவை பை கொடுத்தவர்களிடம் பேசிப் பேசி வாங்கிய பாத்திரங்களும், குழந்தைகளுக்குப் புதுச் செருப்புகளும் அதில் இருந்தன. மேட்டில் இறங்கியதுமே செருப்பைக் கொடுத்துவிட்டாள். கல் உடைப்பவளின் மகள் புதுச் செருப்போடு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கல்லில் அது எழுப்பிய சத்தத்துக்கே சிரித்தாள்.

"எல்லாரும் இப்படி வாங்க. மொதல்ல ஒரு வீடியோ எடுத்துக்கலாம்" என்று சட்டைக்காரர்களில் ஒருவர் கை தட்டி அழைத்துவிட்டுப் போனை உயர்த்தினார். சனங்கள் தாமாகவே மண் குவியலுக்கு முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல் உடைப்பவள் ஓடிக்கொண்டிருந்த மகளை எட்டிப் பிடித்தாள். குனிந்து, அந்தச் சின்னக் கால்களிலிருந்து செருப்பைக் கழற்றினாள். தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நிமிர்ந்து போனைப் பார்த்து நின்றாள். தோள் தானாகக் குறுகியது.

பாத்திரம் இறக்க மறுபடி லாரியில் ஏறியிருந்த சக்கரத்தக்கா கீழே குதித்தாள். வரிசைக்கும் போனுக்கும் நடுவே போய், கல் உடைப்பவளின் கையிலிருந்து செருப்பை வாங்கினாள். சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஃப்ரேம்ல நீங்க வர்றீங்க. கொஞ்சம் நகருங்க."

"இருங்க."

குழந்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒட்டியிருந்த சேற்றைத் தலைப்பால் துடைத்தாள், விரல் விரலாக. பிறகு வாரை எடுத்துக் கொக்கியில் மாட்டத் தொடங்கினாள், அவசரப்படாமல்.