மடியில் விரித்த சேலை

என் முதல் பிள்ளை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனான். பால்குடி மாறாத பிள்ளைக்கு எங்கள் ஆட்களிடம் ஒப்பாரி கிடையாது. பாடினால் அடுத்தது தங்காது என்பார்கள். தாராவியில் எங்கள் ஊர்க்காரர் வீட்டில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதலில் தேடுவது என்னைத்தான். அன்றைக்கு என் வாயையே மாமியார் முந்தானையால் பொத்தினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்று மாதம் கழித்து, தையல் கம்பெனியில் மிஷின் ஓடுகிற சத்தத்துக்குள் அவனுக்கு ஒரு பாட்டுக் கட்டினேன். வரிகள் ஒப்பாரி, மெட்டு தாலாட்டு. இதை யார் வந்து குற்றம் சொல்ல முடியும்? பாடி முடித்த அன்றுதான் வயிறாரச் சோறு தின்றேன்.

பக்கத்து மிஷின்காரி அதைக் கேட்டுவிட்டாள். அவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள், செம்பூர், டிராம்பேயிலிருந்துகூட. பிள்ளை கிடந்த தொட்டில் சேலையைக் கொண்டுவரச் சொல்வேன். அதை என் மடியில் விரித்துக்கொண்டு, பிள்ளை எப்படிச் சிரிக்கும், எதைப் பிடித்து இழுக்கும் என்று கேட்டுக் கேட்டுக் கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், எங்கள் ஒற்றை அறையில். சில பேர் அழுது முடித்து, சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிவிடுவார்கள். நான் எழுப்ப மாட்டேன்.

இதற்கிடையில் மகள் பிறந்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. மூத்தவனைத் தாலாட்டித் தாலாட்டித்தான் எமனுக்குக் காட்டிக் கொடுத்தேன் என்று மனதில் விழுந்துவிட்டது. இவளுக்கு ஒரு வரிகூடப் பாடவில்லை. மொபைலில் எதையாவது போட்டுத் தூங்க வைத்தேன். ரொம்பக் கொஞ்சவும் இல்லை. கண்டுகொள்ளாமல் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிய முட்டாள் நான்.

போன மழைக்காலத்தில், அவளுக்கு ஆறு வயது. பாட்டுக்கு வந்த ஒருத்தி அழுதுவிட்டுப் போனதும், மகள் என் பழைய சேலை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்து, அதை என் மடியில் விரித்தாள்.

“எம்மா, மேரா பாட்டு எப்ப? நான் செத்தபொறவுதான் கட்டுவியா?”

அழவில்லை, சிணுங்கவில்லை. அடுத்த வண்டி எப்போது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுக் கட்டிவிட்டு, என் பிள்ளையைச் சாவுக்காகக் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

இப்போதே கட்டுகிறேன் என்று சேலையில் கை வைத்தேன். முதல் வரி வரவில்லை. டிராம்பேக்காரியின் செத்த பிள்ளை எந்தக் கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கிறவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவளிடமே கேட்டேன்.

“நீ எப்படிட்டி சிரிப்ப?”

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தெரியாது என்று இந்தியில் சொன்னாள்.