பென்சிலில் எழுதிய ‘த்ரூ?’

என் அக்கா நாகலக்ஷ்மி முப்பத்தோரு வருஷம் ஊரப்பாக்கத்தில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி ஒரே வேலைக்குப் போனாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில், தபால் வாங்கும் மேஜை. கடிதத்தில் மேலே மூன்று வரிதான் பார்ப்பாள்: அனுப்புநர், பெறுநர், கீழே ‘த்ரூ’, அதாவது யார் வழியாக என்பது. மாணவர்கள் எதை எழுதினாலும் அந்த மூன்றாம் வரியில் ஆசிரியர் ஒருவர் கையெழுத்து இருக்கவேண்டும். இருந்தால் முத்திரை குத்தி எண் போடுவாள். இல்லையென்றால் மூலையில் பென்சிலால் ‘த்ரூ?’ என்று எழுதி, தேதியும் தன் சுருக்கொப்பமும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

போன வருஷம் ஜூன் பன்னிரண்டாம் தேதி தேவதர்ஷினி என்ற ஆய்வு மாணவி ஒரு கடிதத்தோடு வந்தாள். செம்பாக்கம் ஏரிப்பக்கம் வீடு. அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அக்கா கடிதத்தின் தலையை மட்டும் பார்த்தாள்.

“த்ரூ இல்லையேம்மா. கைடுகிட்ட சைன் வாங்கிண்டு வா.”

“இத அவர்கிட்ட எப்படி மேடம் காட்டுறது?”

“எல்லாரும் இப்படித்தான் பயப்படறீங்க. கைடு என்ன கடிச்சா தின்னுடுவார்?”

அந்தப் பெண் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதில் எழுதியிருந்தது அந்தக் கைடைப் பற்றித்தான், அவளுடைய ஆய்வு நெறியாளர். ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது கையைப் பிடித்ததும், உதறிக்கொண்டு வந்தபின் ஆய்வறிக்கையைப் படிக்காமல் மூலையில் போட்டதும்.

ஆகஸ்டில் யாரோ வழி சொல்லி அவள் புகார்க் குழுவுக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பினாள். அதற்குள் நெறியாளர் முந்திக்கொண்டிருந்தார். ‘இவள் ஒழுங்காக வருவதில்லை, பதிவை ரத்து செய்யலாம்’ என்று ஜூலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். ‘நான் நடவடிக்கை எடுத்ததால்தான் இந்தப் பழி’ என்றார். ‘ஜூனிலேயே புகார் கொடுத்தேன்’ என்று தேவதர்ஷினி சொன்னாள். பதிவேட்டில் எண் இல்லை. பென்சில் குறியோடு அந்தத் தாள் மட்டும் அவளிடம் இருந்தது. அது அக்காவின் எழுத்துதானா என்று கேட்கக் குழு அக்காவையே கூப்பிட்டது.

சூப்பரின்டென்டென்ட் ஷ்யாம்சுந்தர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். “ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க மேடம். நாலு மாசத்துல ரிடையர் ஆகப்போறீங்க. எதுக்கு பேஜாரு?”

டொரான்டோவிலிருந்து போனில் நானும் அதையேதான் சொன்னேன்.

“பென்சில் என்னுதுடா ரங்கா,” என்றாள். “நீ அங்க உக்காந்துண்டு பயப்படாதே.”

குழுவின் முன் அக்கா ஒப்புக்கொண்டாள். எழுத்து என்னுது, தேதி சரி, படிக்காமல் திருப்பிக் கொடுத்தது என் தப்பு. நெறியாளர் வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. தேவதர்ஷினிக்கு வேறு நெறியாளர் தருவதாகக் கடிதம் போயிற்று.

அவள் ஆய்வுக்குத் திரும்பி வரவில்லை. அக்டோபரில் ஒருநாள் அசல் சான்றிதழ்களைக் கேட்டு விண்ணப்பத்தோடு வந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. விண்ணப்பத்தில் ‘த்ரூ’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். அக்கா கையெழுத்துக் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

“அதே ஆய்வகத்துல போய் உக்கார முடியல மேடம்,” என்றாள். “சைன் வாங்கத்தான் அன்னைக்கு அவர் ரூமுக்குப் போனேன். நீங்க சொன்னீங்கன்னு. படிச்சுட்டு சிரிச்சாரு. அப்புறம் கதவைச் சாத்தினாரு.”

ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இதை என்னிடம் சொல்லும்போது அக்கா அழவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை எல்லாக் கடிதத்தையும் கடைசி வரிவரை படித்துத்தான் வாங்கினாளாம். வரிசை படிக்கட்டுவரை நிற்குமாம்.